கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவுல ஒரு கடல்

மதுரக்காரங்க வீட்ல "கடலுக்குப் போலாமா"ன்னு யாராச்சும் கேட்டா அதுக்கு அர்த்தமே வேற. ஒண்ணு ராமேஸ்வரம், இல்ல திருச்செந்தூர். விடியக்காலைல போய் எறங்கி, கடல்ல மூணு முங்கு, ஈரத்துணியோட போய் சாமி பாத்து, வெளிய வந்து ரெண்டு இட்லி, திரும்ப வண்டி. பிறந்ததுல இருந்து திருச்செந்தூருக்கு மட்டும் ஒரு பதினஞ்சு தடவ போயிருப்பேன், ஆனா அந்தக் கடலப் பாத்து அர மணி நேரம் சும்மா உக்காந்தது கிடையாது. மொட்ட போட்டிருக்காங்க, காது குத்திருக்காங்க, ரெண்டு தடவ செருப்பத் தொலச்சிருக்கேன், கடல மட்டும் ஒழுங்காப் பாத்ததில்ல.

இந்த ஜனவரில குடியரசு தின லீவோட சேத்து நாலு நாள் கிடைச்சுச்சு. மகளுக்கு பீச் வேணும், அவ கிளாஸ்ல ஒரு பொண்ணு கோவா போயிட்டு வந்து போட்டோவாக் காட்டி வெறுப்பேத்திருச்சு. அத்தைக்கு (மாமியார்தான், நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன்) முருகன் கோயில்ல ஒரு நேர்த்திக்கடன் பாக்கி. இவருக்கு ஒரே நாள்ல மூணு மணி நேரத்துக்கு மேல வண்டி ஓட்ட முடியாதுன்னு கண்டிஷன். மகனுக்கு எங்க போனாலும் சரி, பரோட்டா இருந்தா போதும். இவங்க நாலு பேரையும் ஒரே கார்ல ஏத்தி சமாதானமாக் கூட்டிட்டுப் போக ஒரே வழி, தூத்துக்குடில ஆரம்பிச்சு கடல் ஓரமாவே தெக்க எறங்கி கன்னியாகுமரி வழியா முட்டம் வரைக்கும் போறது. கோயிலும் வரும், சர்ச்சும் வரும், நடுவுல யாருமே நிறுத்தாத கடலும் வரும்.

ஏன் மே லீவுல போகலன்னு கேப்பீங்க. போனோம், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. பத்து மணிக்கு மேல மணல்ல கால் வைக்க முடியல, அத விடப் பெரிய ஏமாத்தம் சாப்பாட்டுல. கிழக்குக் கடக்கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன் குஞ்சு பொரிக்கிற நேரம்னு விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு கொண்டு வர்றதுதான் மீன், வெல கேட்டா பசி போயிரும். பள்ளிக்கூட லீவும் தடைக்காலமும் ஒண்ணா வர்றது நம்ம தலையெழுத்து. மீன் சாப்பிடணும்னே கடலுக்குப் போறவங்க தை, மாசில போங்க. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சிருக்கும், வெயிலும் கடிக்காது.

தூத்துக்குடிக்கு சாயங்காலம் போய்ச் சேந்தோம். முத்துநகர் பீச்ல எறங்குனதும் மகள் மூஞ்சி சுருங்கிப் போச்சு. "என்னம்மா இது, கண்மாய் மாதிரி இருக்கு"ன்னா. அல சின்னதாத்தான் வரும் அங்க, வெளிய மன்னார் வளைகுடாவுல வரிசையா 21 தீவு இருக்கு, அதச் சுத்திப் பவளப்பாறை இருக்கு, பெரிய அலையோட வேகத்த அதுங்களே வாங்கிக்கிடுது. மகளுக்குப் புடிக்கலன்னாலும் அத்தைக்கு அந்த இடம் ரொம்பப் புடிச்சுது, முட்டி அளவுத் தண்ணில சேலையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு இருட்டுற வரைக்கும் நின்னாங்க. "எனக்கு அறுவத்தெட்டு வயசு, பயமில்லாம கடல்ல நின்னது இன்னைக்குத்தான்"னு சொன்னப்போ எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு.

ராத்திரி சாப்பாட்டுக்கு லாட்ஜ்ல விசாரிச்சா அந்தப் பையன் "பக்கத்துலயே நைட் கிளப் இருக்கு, ஃபேமிலியோட போலாம்"னு சொல்லிட்டான். இவரு என்னப் பாக்குறாரு, நான் அத்தையப் பாக்குறேன். அப்புறம்தான் வெளங்குச்சு, தூத்துக்குடில பரோட்டாக் கடைக்குப் பேரே நைட் கிளப்தான். எண்ணெய்ல பொரிச்ச பரோட்டாவ நொறுக்கிப் போட்டு அது மேல சால்னாவ ஊத்திக் குடுத்தாங்க. அத்தை தன் வாழ்க்கைல முதல் தடவையா நைட் கிளப் போயிட்டு வந்தேன்னு இப்பவும் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அன்னைக்கு ராத்திரியே அந்த ஊரு இனிப்பு மக்ரூன் ரெண்டு டப்பா வாங்குனேன். அதப் பத்தி அப்புறம் சொல்றேன்.

மறுநாள் திருச்செந்தூர். கோயில் கூட்டத்தப் பத்தி நான் புதுசா சொல்ல என்ன இருக்கு, 2025 ஜூலைல கும்பாபிஷேகம் நடந்ததுக்கு அப்புறம் கோபுரமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. கார்லயே அத்தை பிள்ளைங்களுக்குக் கதை சொல்லிட்டு வந்தாங்க: 1648ல டச்சுக்காரங்க கோயிலப் புடிச்சு வச்சிருந்தாங்க, போறப்போ சிலையத் தூக்கிட்டு கப்பல்ல போனாங்க, நடுக்கடல்ல புயல் வந்து பயந்து போய் சாமியக் கடல்லயே எறக்கிட்டாங்க, அப்புறம் திருநெல்வேலிச் சீமை அதிகாரி வடமலையப்பப் பிள்ளை கனவுல முருகன் வந்து, எங்க எலுமிச்சம்பழம் மிதக்குதோ எங்க கருடன் மேல வட்டம் போடுதோ அங்க முங்கிப் பாருன்னு சொன்னாராம், 1653ல சிலை திரும்பக் கிடைச்சதாம். மகன் உடனே "அப்ப எலுமிச்சம்பழம் வாங்கிட்டுப் போலாம்"னுட்டான்.

கடல்ல முங்கிட்டு நாழிக்கிணத்துல குளிக்கிறது முறை. இத்தன வருஷம் குளிச்சிருக்கேன், பக்கத்துலயே கடல வச்சுக்கிட்டு கிணத்துல எப்படி உப்பில்லாத தண்ணி வருதுன்னு யோசிச்சதே இல்ல. மகள்தான் கேட்டா. இவருக்கு இந்த மாதிரிக் கேள்வின்னா உசுரு. மழத் தண்ணி மணல்ல எறங்கி, கீழ இருக்குற உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்குமாம், நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம், அளவா மேலாக்க எடுத்தா நல்ல தண்ணி வரும், பேராசைல ஆழமா போர் போட்டு உறிஞ்சுனா உப்பு ஏறிரும்னாரு. அத்தை ஒத்துக்கல, முருகன் வேலால குத்துனதுன்னுட்டாங்க. ரெண்டு பேரும் அதே தண்ணிலதான் குளிச்சாங்க.

தரிசனம் முடிச்சு கடக்கரைக்கு வந்து, வாழ்க்கைல முதல் தடவையா அங்க சும்மா உக்காந்தோம். கரைய கடல் அரிச்சுருக்கு. படிக்குக் கீழ மணல் அப்படியே செங்குத்தா வெட்டுன மாதிரி நிக்குது. அமாவாசை பௌர்ணமி ஒட்டி கடல் உள்வாங்கி பாசி புடிச்ச பாறையெல்லாம் வெளிய தெரியும், டிவில பெருசாப் போடுவாங்க, சனம் அது மேல ஏறி நின்னு செல்ஃபி எடுக்கும். அந்தப் பாறை மேல மட்டும் பிள்ளைங்கள விடாதீங்க, சோப்பு போட்டு வச்ச மாதிரி வழுக்கும்.

அங்க இருந்து தெக்க போனா நெலமே மாறுது. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பனை, அப்பப்ப செக்கச்செவேல்னு தேரி மணல், உடன்குடில நிறுத்திக் கருப்பட்டிக் காப்பி குடிச்சிட்டு ரெண்டு கிலோ கருப்பட்டி வாங்குனோம். குலசேகரன்பட்டினத்துல தசராவுக்கு வேஷம் கட்டுறவங்க கூட்டம் பாத்திருப்பீங்க, இப்ப அங்கதான் இஸ்ரோவோட ரெண்டாவது ராக்கெட் ஏவுதளம் வருது, 2024 பிப்ரவரி 28ல அடிக்கல் நாட்டுனாங்க. ஏன் அங்கன்னு மகனுக்கு இவரு டேஷ்போர்டுல வெரலால வரைஞ்சே காட்டுனாரு: ஸ்ரீஹரிகோட்டால இருந்து நேரா தெக்க விட்டா இலங்கை குறுக்க வரும், சுத்தி வளைச்சுப் போகணும், எரிபொருள் வீணு, சின்ன ராக்கெட்டுக்குக் கட்டுபடியாகாது. குலசைல இருந்து விட்டா தெக்க வெறும் கடல்தான். மகன் குலசைல வீடு வாங்கணும்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கான்.

இப்ப மணப்பாடு. இந்தப் பதிவே மணப்பாட்டுக்காகத்தான் எழுதுறேன்னு வச்சுக்கோங்க.

திருச்செந்தூர்ல இருந்து அர மணி நேரம் கூட ஆகாது. எத்தன தடவ அந்த போர்டத் தாண்டிப் போயிருக்கோம், ஒரு தடவ கூட திரும்புனதில்ல, நம்ம சாமி இல்லையேன்னு. ஊருக்குள்ள நுழைஞ்சா பழைய பெரிய வீடுங்க, மச்சு வச்சு, தூணு வச்சு, பாதி பூட்டிக் கிடக்கு. ஊரு முடியுற இடத்துல கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு ஒரு மணல்குன்று, அது மேல திருச்சிலுவை ஆலயம், பக்கத்துல கலங்கரை விளக்கம். ஒரு போர்ச்சுகீசியக் கப்பல் புயல்ல மாட்டி, கரை சேந்தா ஒடஞ்ச பாய்மரத்துல சிலுவை செஞ்சு நடுறேன்னு அந்தக் கேப்டன் வேண்டிக்கிட்டாராம், கப்பல் வந்து ஒதுங்குன இடம் இதுதான்னு ஊர்ல சொல்றாங்க. 1542ல பிரான்சிஸ் சவேரியார் வந்து கடலப் பாத்த ஒரு குகைல தங்குனாரு, கோயில் 1581ல கட்டுனது. செப்டம்பர் 14 திருவிழா, அப்பப் போனா நிக்க எடம் இருக்காது.

அந்தக் குகைக்குள்ள சின்னதா ஒரு கிணறு. தண்ணி உப்பில்ல. அத்தை உள்ளங்கைல வாங்கிக் குடிச்சுப் பாத்துட்டு, "அங்க நாழிக்கிணறு, இங்க இது. முருகனும் சரி சவேரியாரும் சரி, குடிக்கத் தண்ணி இருக்கான்னு பாத்துட்டுத்தான் உக்காந்திருக்காங்க"ன்னாங்க. நான் சிரிச்சேன், ஆனா யோசிச்சா வேற எப்படி ஊரு உருவாகும்.

குன்றுக்குக் கீழ ஒரு பக்கம் அல நல்லா எழும்பி சுருண்டு விழுது, சர்ஃபிங் பண்றவங்க பலகையத் தூக்கிக்கிட்டு வர்றாங்கன்னா சும்மாவா. இன்னொரு பக்கம் கருமேனியாறு வந்து கடலச் சேருற கழி, கண்ணாடி மாதிரி நிக்குது. நாங்க போனப்ப கரைல எங்களத் தவிர வல சரி பண்ணிக்கிட்டு இருந்த நாலஞ்சு பேர்தான். மகளுக்கு மூஞ்சி மலந்துருச்சு, "இதாம்மா பீச்"னு ஓடுனா. இவரும் மகனும் நல்லா ஆராஞ்சு, அல ஓஞ்சு போய் தண்ணி தட்டையா இருந்த ஒரு இடமாப் பாத்து எறங்கப் போனாங்க. எனக்கும் அதுதான் பத்திரமான இடம்னு பட்டுச்சு.

வல பின்னிக்கிட்டு இருந்த ஒரு பெரியவரு கையத் தூக்கிக் கத்துனாரு. "சார், அங்ஙன எறங்காதீய! அல அடிக்கிற எடத்துல எறங்குங்க, அல அடிக்காத எடத்துல எறங்காதீய!" இவருக்கு வெளங்கல, மாத்திச் சொல்றாரோன்னு நின்னாரு. பெரியவரு எந்திரிச்சு வந்து, கரைல கிடந்த காஞ்ச பனமட்டைத் துண்டு ஒண்ண எடுத்து, இவரு எறங்கப் போன இடத்துல வீசுனாரு. "பாருங்க"ன்னாரு.

முதல்ல மட்டை ரெண்டு ஆட்டம் ஆடிட்டு சும்மா நின்னுச்சு. அப்புறம் யாரோ கயிறு கட்டி இழுக்குற மாதிரி லேசா பக்கவாட்டுல நகந்துச்சு. அதுக்கப்புறம் நேரா வெளிய. மகன் சத்தமா எண்ணிக்கிட்டு இருந்தான், முப்பது எண்ணுறதுக்குள்ள அது அல ஒடையுற வரிசையத் தாண்டிருச்சு, ஐம்பதுக்கு மேல எங்க கண்ணுக்கே தெரியல. யாரும் பேசல. அத்தை மகன் கையப் புடிச்சவங்க அப்புறம் விடவே இல்ல.

விஷயம் இதுதான். அல கரைக்குக் கொண்டு வந்து கொட்டுற தண்ணியெல்லாம் எங்கயாச்சும் திரும்பப் போயாகணும்ல, அடில மணல் பள்ளமா இருக்குற இடமாப் பாத்து அது மொத்தமும் ஆறு மாதிரி வெளிய போகும். பள்ளமா இருக்குறதால அங்க அல ஒடையாது, பாக்க அமைதியா இருக்கும், நம்ம ஊரு சனம் அதத்தான் தேடிப் போய் எறங்கும். நீவாடு, நீவாடுன்னாரு பெரியவரு, நீரோட்டத்துக்கு அவங்க வச்ச பேரு. மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு அத்தை கேட்டாங்க, "ஏந்தம்பி, அப்ப கரையப் பாத்து நீந்துனா வந்திர முடியாதா?" அவரு தலைய ஆட்டுனாரு. "மல்லுக்கட்டக் கூடாதும்மா. கரையப் பாத்து நீந்துனா கைதான் சோந்து போவும். கரைக்கு ஒத்தாப்புல சைடுல போவணும், அது ரொம்ப அகலம் கிடையாது, தாண்டிட்டா அலையே தள்ளிக் கொண்டாந்து கரைல போட்டுரும்." மகள் இத நோட்டுல எழுதி வச்சிருக்கா. கோவா போன பொண்ணுக்கு இது தெரியாதுல்லன்னு ஒரு பெருமை வேற.

அவரு காட்டுன இடத்துல, முட்டிக்கு மேல போகாம, ரெண்டு மணி நேரம் ஆடுனாங்க. காலை ஒரு சொறி மீன் (ஜெல்லி மீன்) உரசி இவருக்குக் கெண்டக்கால்ல செவந்து தடிச்சிருச்சு, கடல் தண்ணி ஊத்தியே கழுவுங்க, நல்ல தண்ணி ஊத்தாதீய, கையால தேய்க்காதீயன்னு அதுக்கும் பெரியவர்தான் சொன்னாரு. காசு குடுத்தோம், வாங்கல. பனையோலைப் பொருள் வாங்கிட்டுப் போங்க, எங்க ஊருப் பொம்பளைங்க செய்யுறதுன்னாரு. ஓலைப்பெட்டி மூணு வாங்குனேன், இப்ப வெங்காயம் போட்டு வச்சிருக்கேன்.

உவரில ரொம்ப நேரம் நிக்கல. அந்தோணியார் கோயில், கப்பல் மாதிரியே கட்டுன மாதா கோயில், கொஞ்ச தூரத்துல சுயம்புலிங்க சாமி கோயில், மூணுமே கடல் ஓரத்துல. சுயம்புலிங்கம் கோயில்ல ஒரு நேர்த்திக்கடன் எனக்குப் புடிச்சுது, கடல்ல இருந்து மணல ஓலைப்பெட்டில அள்ளித் தலைல சுமந்து வந்து கரைல கொட்டுறது. கடல் அரிக்கிற ஊர்ல கரைக்கு மண்ணு சுமக்குறத விடப் பொருத்தமான வேண்டுதல் வேற என்ன. கூடங்குளம், கரண்டு எடுக்குற காத்தாடிங்க எல்லாம் தாண்டி இருட்டுறதுக்குள்ள கன்னியாகுமரி.

கன்னியாகுமரி பத்தி சுருக்கமா. "சீ வியூ"ன்னு ஆன்லைன்ல புக் பண்ணுன ரூம்ல ஜன்னலத் திறந்தா எதுக்க ஒரு தண்ணித் தொட்டி, தொட்டிக்கும் பக்கத்து லாட்ஜ் சுவருக்கும் நடுவுல ஒரு ஸ்கேல் அகலத்துக்குக் கடல். கேட்டா "தெரியுதுல்ல மேடம்"ங்கிறாரு. தெரியுதுதான். குழாய்லயும் கடல் தண்ணி தான்போல, சோப்பு நுரைக்கவே இல்ல. படகுல விவேகானந்தர் பாறைக்குப் போயிட்டு, அங்க இருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்குக் கண்ணாடிப் பாலத்துல நடந்தோம். 77 மீட்டர் நீளம், 2024 டிசம்பர் 30ல திறந்தது. அத்தை கண்ண மூடிக்கிட்டே கடந்தாங்க, அப்புறம் அந்தப் பக்கம் போய் நின்னு "நல்லாருக்கு"ன்னாங்க, என்னத்தப் பாத்தாங்களோ. தை மாசம் போனா ஒரு லாபம், சூரியன் தெக்க சாஞ்சு மறையுறதால கடல்லயே விழுறது தெரியும், வெயில் காலத்துல அது நெலத்துப் பக்கம் போயிரும். சூரிய உதயத்துக்கு சனத்தோட முட்டி மோதுறத விட, சாயங்காலம் ஒரு ஏழு கிலோமீட்டர் தள்ளி வட்டக்கோட்டைக்குப் போங்க. கல்லுக்கோட்டை மேல புல்லுத்தரை, மதில்ல சாஞ்சு நின்னா கீழ கடல், காத்து துப்பட்டாவப் பறிச்சிட்டுப் போகும்.

கடைசி நாள் முட்டம். எங்க அம்மா காலத்து சினிமால பாத்த அதே பாறைங்க, அதே கலங்கரை விளக்கம், செம்மண்ணு. பாறைக்கு மேல இருந்து பாக்குறதுக்கு இதுக்கு ஈடு இல்ல, ஆனா தண்ணில எறங்குற இடம் இல்ல, எறங்கணும்னு ஆசையும் படாதீங்க. போற வழில கணபதிபுரம் பக்கம் லெமூர் பீச்னு போர்டு வந்துச்சு, வெள்ள மணல், அழகுன்னா அழகு. 2024 மே 6ம் தேதி அங்கதான் கல்யாணத்துக்கு வந்த பயிற்சி டாக்டர் பிள்ளைங்க அஞ்சு பேர அல இழுத்துட்டுப் போச்சு. அன்னைக்குப் புயலும் இல்ல மழையும் இல்ல. எங்கயோ தெக்கு இந்தியப் பெருங்கடல்ல ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அங்கிட்டு காத்து கிளப்பி விட்ட அல நாள்கணக்குல பயணம் பண்ணி வந்து திடீர்னு கரைய ஏறி அடிக்கும், வானம் பாட்டுக்கு நீலமா இருக்கும். கள்ளக்கடல்னு அந்தக் கரைல பேரு. ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கிற மத்திய அரசோட கடல் தகவல் மையம் இதுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுது, அன்னைக்கும் விட்டிருந்தாங்க. கெளம்புற அன்னைக்குக் காலைல போன்ல அத ஒரு தடவ தேடிப் பாக்க ரெண்டு நிமிஷம் ஆகும், நாங்க மூணு நாளும் பாத்தோம். லெமூர்ல மணல்ல நின்னு பாத்துட்டு, மகள் கூட தண்ணிகிட்ட போகணும்னு கேக்கல.

மதியம் நாரோயில்ல சாப்பாடு. சென்னைல வஞ்சிரம்பாங்களே அதுக்கு அங்க நெய்மீன்னு பேரு, தேங்கா அரைச்சு ஊத்துன கொழம்பு, மரச்சீனிக் கிழங்கு, நெத்திலி. அத்தை அன்னைக்கு இருக்க வேண்டிய விரதத்த மறுநாளைக்கு மாத்திக்கிட்டாங்க, நாங்களும் எதுவும் கேக்கல. அப்புறம் நேரா நாலு வழிச்சாலை புடிச்சு மதுர.

கடைசியா மக்ரூன். முந்திரியும் முட்ட வெள்ளக்கருவும் சீனியும் அடிச்சு செய்யுறது, வாய்ல வச்சா கரகரன்னு ஒடஞ்சு கரையணும். நான் என்னடான்னா முதல் நாளே வாங்கி, நாலு நாள் கடக்காத்துல கார் டிக்கில ஈர டவலுக்குப் பக்கத்துலயே வச்சு ஊரு ஊராக் கொண்டு போயிருக்கேன். வீட்டுக்கு வந்து டப்பாவத் திறந்தா அம்புட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே பசை. பக்கத்து வீட்டுக்குக் குடுக்க வாங்குனது, எப்படிக் குடுக்குறது. அத்தை ஒரு ஸ்பூன எடுத்துட்டு வந்து சம்மணம் போட்டு உக்காந்து, நியூஸ் பாத்துக்கிட்டே ஒரு டப்பாவ முடிச்சிட்டாங்க.